திறப்பைக் கொடுக்க முன்

எங்கள் ஊரில் வீடு என்றால் பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். தாய்வழி வந்த சீதன வீடு, தகப்பன் கடன்பட்டுக் கட்டிக் கொடுத்த வீடு, மூத்தவளுக்கு எழுதிய வளவில் பாதியைப் பிரித்து இளையவளுக்குக் கொடுத்த வீடு என்று எதை எடுத்தாலும், உறுதியில் மகளின் பெயர் இருக்கும். ஆனால் அந்த வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு வந்தால் பேசுபவர்கள் ஆண்கள். அண்ணை சொல்லுவார், மாமா சொல்லுவார், வெளிநாட்டிலிருக்கும் தம்பி ரெலிபோனில் சொல்லுவார். உறுதிக்காரி குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றிக் கொண்டிருப்பார்.

யுத்தம் இந்த ஒழுங்கைக் குலைத்துப் போட்டது. கணவனை இழந்தவர், கணவன் எங்கே என்று தெரியாமல் இருப்பவர், ஊனமுற்ற கணவனைப் பராமரிப்பவர், வயது போன தாய் தகப்பனைச் சுமக்கும் மகள் என்று இன்று எத்தனையோ சகோதரிகள் தனியே குடும்பம் நடத்துகிறார்கள். இவர்களில் பலருக்குக் கையில் உள்ள ஒரே முதல் அந்த வீடுதான். தோட்டம் செய்ய ஆளில்லை, கடை போடக் காசில்லை. ஆனால் முன் அறைகள் இரண்டும் சும்மா கிடக்கின்றன. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் என்றால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அறை தேடி வருவார்கள். பட்டினத்துக்குக் கிட்ட என்றால் இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர்கள் கேட்பார்கள். ஆகவே வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே வருகிறது.

நல்ல எண்ணம்தான். ஆனால் கோழி வளர்ப்பையும் தையலையும் போல இதை எண்ணிவிடக் கூடாது. தையல் தொழிலில் நட்டம் வந்தால் ஒரு மெஷினோடு போய்விடும். வீட்டு விடயத்தில் தவறு நேர்ந்தால் பத்து வருடம் நீதிமன்றப் படி ஏறவேண்டி வரும். எங்கள் குடாநாட்டில் அப்படி ஏறி இறங்குபவர்கள் குறைவல்ல.

இன்னுமொன்று. இதை வாசிக்கும் உங்களில் சிலர் வீட்டுக்காரியாக இல்லாமல் வாடகைக்கு இருப்பவராக இருக்கலாம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்கள் பல, காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்படும் வரை இருபது, இருபத்தைந்து வருடங்களைப் பிறர் வீட்டிலும் முகாமிலும் கழித்தன. சிலருக்கு இன்னும் சொந்தக் காணி கிடைக்கவில்லை. எனவே வீட்டுக்காரிக்குச் சொல்லும் இந்த விடயங்களை வாடகைக்கு இருக்கும் சகோதரியும் வாசித்து வைப்பது நல்லது.

வீடு யாருடையது?

முதற் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல. இந்த வீட்டைக் கொடுக்க எனக்கு உரித்து உண்டா என்பதுதான் முதற் கேள்வி.

யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற தனிச் சட்டம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று நாங்கள் வீட்டில் பேசும் சொற்களெல்லாம் அந்தச் சட்டத்தின் சொற்கள். பின்னர் 1911 இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இதில் பல மாற்றங்களைச் செய்தது. அதன்படி மணமான பெண் தன் நகை, காசு போன்ற அசையும் சொத்தைத் தன் எண்ணப்படி கையாளலாம். காணி, வீடு போன்ற அசையாச் சொத்தைக் கைமாற்றவோ அதுபற்றி ஒப்பந்தம் எழுதவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வீடு அவளுடைய சீதனமாக இருந்தாலும் இதுதான் விதி. மரணசாசனம் எழுதுவதற்கு மட்டும் சம்மதம் தேவையில்லை. நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்த விதி மாறாமல் இருப்பது பற்றி எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் நொத்தாரிசு அதைத்தான் கேட்பார்.

அப்படியானால் கணவன் இல்லாதவர் என்ன செய்வது?

கணவன் இறந்துவிட்டால் இந்தச் சம்மதம் என்ற பேச்சே இல்லை. உங்கள் பெயரில் உள்ள வீடு உங்களுடையது. நீங்களே கையெழுத்து வைக்கலாம்.

கணவன் காணாமற் போனவர் என்றால்தான் மனம் தடுமாறுகிறது. "அவர் செத்துப்போனார் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்கும் சகோதரிகளை எல்லோருக்கும் தெரியும். வீட்டை வாடகைக்குக் கொடுக்க வேண்டுமானால் மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வா என்று அயலில் யாரோ சொல்லியிருப்பார்கள். அது சரியான ஆலோசனை அல்ல. அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கணவன் கைவிட்டுப் போனால், இருவரும் சம்மதித்துப் பிரிந்திருந்தால், இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தால், புத்தி சுவாதீனமற்றவராக இருந்தால், நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால், அல்லது அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுக்கொடுத்து, கணவனின் சம்மதமின்றியே தன் சொத்தைக் கையாள அனுமதி பெறலாம். இருக்குமிடம் தெரியாது என்பதை மட்டும் சொன்னால் போதும். இறந்துவிட்டார் என்று நீங்கள் எங்கும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

வீடு அவருடைய பெயரில் இருந்தால் நிலைமை வேறு. மரணத்தைப் பதிவதற்கான தற்காலிக ஏற்பாடுகளைச் செய்த 2010 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2016 இல் ஒரு திருத்தம் வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்று சான்றுபடுத்தும் சான்றிதழை அது கொண்டுவந்தது. காணாமற் போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பது போன்ற அலுவல்களுக்கு அது உதவும். உங்களுடைய விடயத்தில் அதனோடு நீதிமன்றக் கட்டளையும் வேண்டுமா என்பதைச் சட்டத்தரணி சொல்லவேண்டும்.

இறந்த கணவனின் பெயரில் உள்ள வீடு என்றால் பங்குகளைப் பாருங்கள். அது மணம் முடித்தபின் உழைத்து வாங்கிய தேடியதேட்டமா, அவருடைய தாய் தகப்பன் வழி வந்த முதுசமா? மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் சேரும். முதுசம் பிள்ளைகளுக்கே போகும். பிள்ளைகள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால், அவர்களின் சாப்பாட்டுக்கும் படிப்புக்குமாகத் தாய் மாத வாடகை வாங்குவதை ஒருவரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் வருடக் கணக்கில் குத்தகை எழுதவும் ஈடு வைக்கவும் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். கேட்காமல் செய்யாதீர்கள்.

சகோதரங்களோடு கூட்டு உரித்தான வீட்டில் ஒருவர் எழுதிக்கொடுக்கும் குத்தகை அவருடைய பங்கைத்தான் கட்டுப்படுத்தும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் அண்ணன், அக்காமாரின் அற்றோணித் தத்துவத்தை வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுபவர்கள் அந்தப் பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். வீட்டைப் பராமரிக்க மட்டும் எழுதியதா, குத்தகைக்குக் கொடுக்கவும் அதிகாரம் தந்ததா? எழுதிக்கொடுத்தவர் இறந்துவிட்டால் அற்றோணித் தத்துவமும் அன்றோடு செத்துவிடும்.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியில் வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காணிகளுக்கு நிபந்தனைகள் உண்டு. அவற்றை மீறினால் அனுமதிப்பத்திரமே ரத்தாகலாம். முதலில் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஒரு மாதமா, ஒரு வருடமா?

எங்கள் ஊரில் வழக்கமாக நடப்பது இதுதான். ஒரு தாளை வாங்கி, முத்திரை ஒட்டி, "இரண்டு வருடத்துக்கு வாடகைக்கு விட்டுள்ளேன்" என்று எழுதி, இரு பகுதியும் கையெழுத்து வைத்து, அயலில் இரண்டு பேரைச் சாட்சிக்குப் போடுவார்கள். அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதும் எல்லாம் முடிந்ததென்று நினைப்பார்கள்.

1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதியாக எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டத்தில் நிற்காது. அந்த முத்திரைத் தாளில் இரண்டு வருடம் என்று எழுதியிருந்தாலும், மாதாமாதம் வாடகை வாங்கினால் சட்டம் அதை மாத வாடகையாகவே பார்க்கும்.

அப்படியென்றால் எல்லோரும் நொத்தாரிசிடம் ஓடவேண்டுமா? தேவையில்லை. ஓர் அறையை ஒரு மாணவிக்குக் கொடுக்கும் சகோதரிக்கு மாத வாடகையே போதும். அதுவே பாதுகாப்பும்கூட. ஒரு முழு மாத அறிவித்தல் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். முழு வீட்டையும் ஒரு குடும்பத்துக்கோ, கடைக்கோ, நிறுவனத்துக்கோ வருடக் கணக்கில் கொடுப்பதென்றால் செலவைப் பாராமல் நொத்தாரிசிடம் எழுதுங்கள். அதைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யவும் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று பற்றுச்சீட்டு. வாடகைக்கு இருப்பவரின் நன்மைக்குத்தான் பற்றுச்சீட்டு என்று பலர் நினைக்கிறார்கள். "நாங்கள் சொந்தக்காரர்தானே, எங்களுக்குள்ளை என்ன ரசீது?" என்பார்கள். உண்மையில் அது வீட்டுக்காரிக்குத்தான் கூடிய பாதுகாப்பு. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

"பாத்துக்கொள்ளுங்கோ" என்று விட்ட வீடுகள்

1995 ஒக்ரோபர் 30 அன்று இரவோடிரவாக வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனதை எங்கள் வயதுக்காரர் எவரும் மறக்கமாட்டார்கள். 1996 இல் சிலர் திரும்பினார்கள். திரும்பியவர்களில் பலருக்குத் தங்கள் வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிருந்தது அல்லது உடைந்திருந்தது. திரும்பாதவர்களின் வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. "நீங்கள் இருந்து பாத்துக்கொள்ளுங்கோ" என்று ஒரு கடிதம் வந்தது. சிலருக்கு அதுவுமில்லை, வாய்ப்பேச்சுத்தான். இருந்தவர்கள் வீட்டைக் கூட்டித் துடைத்தார்கள், ஓடு மாற்றினார்கள், களவு போகாமல் காத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நிலைக்கதவும் மிஞ்சியிராது என்பதும் உண்மை.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது உரிமையாளர்கள் வந்து நின்றார்கள். 2009 இன் பின் இன்னும் பலர் வந்தார்கள். அப்போது தொடங்கின வழக்குகள். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்தபோதும் இதே சிக்கல்களைச் சந்தித்தன.

சட்டம் என்ன சொல்கிறது? 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, ஒருவர் மற்றவரின் காணியை, அவருடைய உரித்தை ஏற்காமல், பத்து வருடம் இடையறாது தன்னுடையதாக ஆண்டுவந்தால் அவருக்கு உரித்துப் பிறக்கும். "ஆட்சி உறுதி" என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆனால் வாடகைக்கோ அனுமதியிலோ வந்து குடியிருப்பவருக்கு வெறுமனே பத்து வருடம் போவதால் உரித்து வராது. அவர் இருப்பது உங்களுடைய உரித்தை ஏற்றுக்கொண்டுதான். வாடகைக்கு வந்தவர், இருந்துகொண்டே "இது உன் வீடல்ல" என்று வாதாடுவதையும் சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இங்கேதான் பற்றுச்சீட்டின் பெறுமதி. அவர் அனுமதியோடு வந்தவர், வாடகைக்கு இருந்தவர் என்பதை நீங்கள் காட்டவேண்டும். எழுத்தில் ஒன்றுமில்லாமல், வாடகையும் வாங்காமல், சோலைவரியும் அவரே தன் பெயரில் கட்டி, மின்சாரமும் அவர் பெயருக்கு மாறி, வேலியையும் அவரே எடுத்துக்கட்டிப் பத்துப் பதினைந்து வருடம் போனால் எதைக் காட்டுவீர்கள்? இருந்தவரின் கையெழுத்தோடு ஒவ்வொரு மாதமும் ஓர் அடிக்கட்டை இருந்தால், ஒரேயொரு பழைய பற்றுச்சீட்டுப் புத்தகம்கூட உங்கள் உறுதிக்குக் காவலாக நிற்கும். இனசனத்துக்கு இலவசமாகக் கொடுத்தாலும், "உங்கள் அனுமதியில், வாடகையின்றி, நீங்கள் கேட்கும்போது விடுவேன் என்ற உடன்பாட்டில் இருக்கிறேன்" என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். மனத்தாங்கல் வருமென்று பயப்படத் தேவையில்லை. பிறகு வரப்போகும் மனத்தாங்கலோடு பார்த்தால் இது சிறியது.

சோலைவரியை நீங்களே கட்டுங்கள். மின் இணைப்பு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். "வாக்காளர் இடாப்பிலை அவையின்ரை பேர் எங்கட விலாசத்திலை பதிஞ்சால் வீடு போயிடுமோ?" என்றும் பயப்படுகிறார்கள். போகாது. அது குடியிருப்பைக் காட்டுமே தவிர உரித்தைக் கொடுக்காது. அந்தக் குடும்பத்தின் வாக்குரிமையையும் பிள்ளைகளின் பள்ளிக்கூட அனுமதியையும் அதற்காக மறுப்பது அநியாயம்.

யுத்த காலத்தில் வந்து பார்க்க முடியாமற் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு அது வழிசெய்தது. ஆனால் அதன்கீழ் வழக்கிட இரண்டு வருட அவகாசமே கொடுத்தார்கள். பலருக்குச் செய்தி போய்ச் சேருமுன் காலம் ஓடிவிட்டது. தவறவிட்டவர்கள் தங்களுக்கு இன்று என்ன வழி உண்டென்று சட்டத்தரணியிடம் கேட்டறிய வேண்டும்.

காசுக் கணக்கு

வாடகை முழுவதும் வருமானம் அல்ல. உதாரணத்துக்கு மாதம் 15,000 ரூபா என்று வைப்போம். வருடம் 180,000. மாணவர் விடுமுறை, ஆள் மாறும் இடைவெளி என்று இரண்டு மாதம் வெறுமையாகக் கிடந்தால் 150,000. வெள்ளையடிக்க, ஓடு மாற்ற ஒரு மாத வாடகை போய்விட்டால் 135,000. மோட்டர் பழுது, சோலைவரி, பூட்டு, குழாய் என்று ஒரு 10,000. மிச்சம் 125,000. மாதத்துக்குப் பிரித்தால் பத்தாயிரத்துச் சொச்சம்தான். இந்தப் பத்தாயிரத்தை நம்பித்தான் சீட்டுப் பிடிக்கலாம், கடன் எடுக்கலாம். பதினையாயிரத்தை நம்பி எடுத்தால் தடக்குப்படும். 2020 இல் கொரோனாவால் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது அறைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததையும் நினைவில் வையுங்கள்.

முற்பணம் என்பது உங்களுடைய காசு அல்ல, திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன். அதை மகளின் சடங்குக்குச் செலவழித்துவிட்டு, ஆள் எழும்பும்போது வட்டிக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்க இல்லாதபடியால் ஆளை எழுப்ப முடியாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். வங்கியில் வேறாகப் போட்டு வையுங்கள். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீடு என்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கவும் முடியாது. அந்தச் சட்டம் வாடகைக்கு இருப்பவருக்குப் பெரும் பாதுகாப்புக் கொடுப்பது. 1980 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பல வீடுகள் அதிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. உங்கள் வீடு எப்போது கட்டியது, முதன்முதல் எப்போது வாடகைக்கு விட்டது என்பதைப் பொறுத்த விடயம் அது. பழைய பட்டின வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

"வாடகை வேண்டாம், ஒரு தொகையாகத் தாறம், ஒற்றியாய் எழுதுங்கோ" என்று கேட்பவர்களும் உண்டு. காசுக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை. கேட்க நல்லாயிருக்கும். ஆனால் வீட்டை மீட்க முழுத்தொகையும் ஒரே நாளில் வேண்டும். அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதற்கு உங்களிடம் இன்றே பதில் இல்லாவிட்டால் அதில் இறங்காதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது?

தனியே பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணுக்கு இது காசைவிடப் பெரிய கேள்வி. ஊர் வாய் ஒருபக்கம், உண்மையான பயம் ஒருபக்கம். ஊர் வாய்க்குப் பயந்து வருமானத்தை விடத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் பயத்தை அலட்சியம் செய்யவும் கூடாது. வீட்டின் பாதியைக் கொடுப்பதென்றால் தனிக் கேற் இல்லாவிட்டாலும் தனி வாசல் இருக்கட்டும். இடைக் கதவுக்கு உங்கள் பக்கத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். மலசலகூடம் வேறாக இருந்தால் நல்லது. பெண் பிள்ளைகளுக்கோ, குடும்பத்துக்கோ முதலிடம் கொடுப்பதில் தவறில்லை. தேசிய அடையாள அட்டைப் பிரதி, நிரந்தர விலாசம், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை வாங்கி வைத்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கிராம சேவையாளருக்கும் தெரியப்படுத்துங்கள். முந்தி இருந்த வீட்டுக்காரரோடு ஒருமுறை கதைத்துப் பார்ப்பது எந்தப் பத்திரத்தையும்விடப் பெறுமதியானது.

நிறுவனங்கள் கூடிய வாடகை தரும், சொன்ன திகதிக்குத் தரும். ஆனால் திட்டம் முடிந்தால் அடுத்த மாதமே போய்விடும். அவர்கள் தந்த வாடகையைக் கண்டு பழகியவர்கள் பிறகு சாதாரணக் குடும்பத்துக்குக் கொடுக்க மனமின்றி வீட்டை வருடக்கணக்கில் பூட்டி வைத்துக் கறையானுக்குக் கொடுத்ததும் உண்டு.

சண்டை வருவது பெரும்பாலும் பெரிய விடயங்களில் அல்ல. தேங்காய் யாருக்கு? மாமரத்தில் காய்த்தால் யார் பிடுங்குவது? மோட்டர் எத்தனை மணித்தியாலம் போடலாம்? இவற்றை முதல் நாளே பேசி எழுதுங்கள். மின்சாரத்தைப் பாதி பாதி என்று பிரிப்பது சரிவராது. அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும் என்பதால் இரண்டு குடும்பம் ஒரு மீற்றரில் இருந்தால் இருவருக்கும் நட்டம். வேறு இணைப்பு எடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் உள்ளே ஓர் உப மீற்றராவது பூட்டுங்கள். திறப்பைக் கொடுக்கும் நாளில் மீற்றர் வாசிப்பு, மின்விசிறி, கதிரை, யன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வைக்கலாம்.

எழும்பச் சொன்னால் எழும்பாவிட்டால்?

முதலில், ஏன் வாடகை தரவில்லை என்று கேளுங்கள். "அக்கா, அவருக்கு இந்த மாசம் வேலையில்லை" என்று சொல்லும் தங்கச்சியும் உங்களைப் போல் அடிபட்டு வந்தவளாக இருக்கலாம். ஒரு மாதம் பொறுப்பது வேறு, கணக்கில்லாமல் விடுவது வேறு. பொறுத்தாலும் நிலுவையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

எழும்பத்தான் வேண்டும் என்றால் அறிவித்தலை எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாத வாடகையென்றால் ஒரு முழு மாத அவகாசம், அது மாத முடிவில் முடியும்படி. 10 ஆம் திகதி கடிதம் கொடுத்து அடுத்த மாதம் 10 ஆம் திகதி எழும்பு என்றால் அந்த அறிவித்தல் செல்லாது போகலாம்.

ஆத்திரத்தில் பூட்டை மாற்றுவது, சாமானைத் தெருவில் வைப்பது, தண்ணீரை வெட்டுவது எதையும் செய்யவே வேண்டாம். அண்ணன்மார் நான்கு பேரைக் கூட்டிவந்து எழுப்பலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். 1979 ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் பொலிசார் பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால் அவரை மீண்டும் உள்ளே விடும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். வீடு உங்களுடையதாக இருந்தாலும் அப்படித்தான். உரித்து யாருக்கு என்பது அங்கே கேள்வியல்ல. வாடகைக்கு இருக்கும் சகோதரிகளும் இந்தப் பிரிவை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நேரே வழக்குக்குப் போகுமுன் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்தது. அங்கே சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. நீங்களே உங்கள் வாயால் சொல்லலாம். சில வகைப் பிணக்குகளுக்கு அங்கு போய்வந்த பின்தான் நீதிமன்றம் ஏற்கும். காசு நிலுவை, தவணை போட்டு எழும்புவது போன்றவற்றை அங்கே தீர்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவர்களின் விடயத்தில் 2023 இல் ஒரு புதிய சட்டம் வந்தது. அவ்வாண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம். முன்னர் வருடக்கணக்கில் இழுபட்ட வழக்கைச் சுருக்கமான முறையில் மாவட்ட நீதிமன்றத்தில் நடத்த அது வழிசெய்கிறது. ஆனால் கையில் ஒழுங்கான குத்தகை உறுதி இருப்பவருக்கே அது கைகொடுக்கும். அலுமாரிக்குள் இருக்கும் முத்திரைத் தாளை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தை நம்பிப் போகாதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான அரச நிறுவனம் அது. யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள், வழக்கும் பேசுவார்கள். போகும்போது வெறுங்கையோடு போய்க் கதை சொல்லாமல், உறுதியின் பிரதி, சோலைவரிப் பற்றுச்சீட்டுகள், வாடகை அடிக்கட்டைகள், அனுப்பிய அறிவித்தலின் பிரதி, பதிவுத் தபால் துண்டு, அடையாள அட்டை, கிராம சேவையாளரின் வருமானக் கடிதம் எல்லாவற்றையும் திகதி வாரியாக ஒரு கோவையில் அடுக்கிக்கொண்டு போங்கள். மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம். பிரதியைக் கொடுத்துவிட்டு, மூலத்தைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.